பைரவிக்குப் பின் பாட்டு இல்லை

ஜனவரி 5, திங்கள்

நாட்கீர் காலையிலேயே போன் செய்தார். குருஜி நினைவு விழாவில் இந்த வருடம் கடைசி நாளின் கடைசிக் கச்சேரி எங்களுக்கு. பிப்ரவரி எட்டு, ஞாயிறு, பதினோரு மணி. கமிட்டி ஏகமனதாக முடிவு செய்ததாம். நாட்கீர் செயலாளராக இருக்கும்வரை ஏகமனது என்றால் அவர் மனது.

இதுவரை எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் நாள் மத்தியானம்தான். பந்தி நடக்கிற நேரம். பக்கத்துக் கூடத்தில் சாம்பார் வாளி இழுபடும் சத்தத்தோடு பாடிப் பழகியவர்கள் நாங்கள். கடைசிக் கச்சேரி அப்படியல்ல. விழாவை முடித்து வைக்கிற பைரவியை அதில்தான் பாடுவார்கள். பைரவி பாடியாகிவிட்டால் அதன்பின் மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. நம் ஊர் மங்களம் மாதிரிதான், ஆனால் இன்னும் கண்டிப்பு. மங்களத்துக்குப் பிறகாவது ஒருவர் எழுந்து நன்றி சொல்லுவார்.

விழா மலருக்காக எங்களைப் பற்றி நாலு வரி கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: 'கோமதி, ஆவுடை சகோதரிகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹூப்ளி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக வேலை பார்த்தவரின் மகள்கள். தார்வாடில் குருஜியிடம் சிறு வயதிலிருந்து இந்துஸ்தானி கற்றவர்கள். எப்போதும் சேர்ந்தே பாடுகிறவர்கள்.' கடைசி வாக்கியத்தை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

தேசி பாட வேண்டும். அந்த நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான ராகம் இல்லை. குருஜி எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது. அக்கா அப்போது கல்யாணமாகி கதக்கில் இருந்தாள், திரும்பி வந்தபின் என்னிடம்தான் கற்றுக்கொண்டாள்.

அவளிடம் செய்தியைச் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கிட்டப் போய் மறுபடி சொன்னதும், "நல்லதுட்டி" என்றாள். எது நல்லது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.


ஜனவரி 8, வியாழன்

தண்ணீர் வருகிற நாள். இந்தத் தார்வாடில் வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும், அன்றைக்கு வீட்டில் ஒரு ஆள் தொட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். அக்காவை இருக்கச் சொல்லிவிட்டு நான் பேங்குக்குப் போனேன். திரும்பி வந்தால் தொட்டி நிரம்பி, வாசலில் இறங்கி, எதிர்வீட்டு ஸ்கூட்டர் வரைக்கும் தண்ணீர். அக்கா தொட்டிக்கு அடுத்த அறையில்தான் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டம்மா ஜன்னலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். "பாட்டுக்காரங்க ஏதோ தியானத்துல இருக்கீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள் என்னிடம். தெருவே சிரித்தது. அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்தவர்கள் பேசாமல் இருந்தால் திட்டுகிறவர்களுக்குத்தான் கெட்ட பெயர்.


ஜனவரி 11, ஞாயிறு

தேசி வேண்டாமாம். பதம்தான் பாடுவாளாம், பதம் மட்டும்.

தசராவிலிருந்து இந்தப் பைத்தியம். குந்தகோள் போகிற வழியில் ஒரு சின்ன மடம். அங்கே ஒரு பஜனைக் கோஷ்டி தத்துவப் பதங்கள் பாடும். நம் சித்தர் பாட்டு மாதிரி, உடம்பை வண்டி என்றும் உயிரைச் சரக்கு என்றும் பாடுகிற கன்னடப் பாட்டு. ஒற்றைத் தந்தி ஏக்தாரி, கையில் தட்டுகிற தம்மடி, ஜால்ரா. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆலாபனை கிடையாது, ஸ்வரங்களை வேகமாக உருட்டுகிற 'தான்' கிடையாது. கோஷ்டித் தலைவர் ஃபக்கீரப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அக்கா வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி அங்கே போகிறாள்.

பெரிய மேடையில் பதம் பாடுவது புதிதில்லை. பெரிய பாடகர்கள் எல்லோரும் ராகம் முடிந்தபின் ஒரு பஜனோ பதமோ பாடி இறங்குகிறவர்கள்தான். ஆனால் ராகம் பாடிவிட்டுப் பாடுவார்கள். சோறு போடாமல் பாயசம் மட்டும் ஊற்றுகிறவர் உண்டா என்று கேட்டேன். பாயசம் போதும் என்கிற வயசு வந்துவிட்டது என்றாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு ஐம்பத்துநாலு, எனக்குச் சோறு வேண்டும் என்றேன்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். முதலில் தேசி, முழுதாக. கடைசியில் அவளுடைய பதம். அதன் மெட்டு பைரவியில் உட்காருகிறது, அதனால் விழாவின் பைரவியாக அதுவே இருக்கும். ஆர்மோனியம் மட்டும் வேண்டாம் என்றாள். ஆர்மோனியக்காரருக்கு நான் போன் செய்து பொய் சொல்ல வேண்டியதாயிற்று.


ஜனவரி 15, வியாழன்

சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கொடுக்கிற சாக்கில் ஃபக்கீரப்பா வந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கிளம்ப மத்தியானம் ஆனது. முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் என்பதால் இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை என்று அவரே சொன்னார்.

அந்தப் பதத்தின் பொருளை எனக்கு விளக்கினார். சுங்கச்சாவடியில் ஆள் இல்லை, வண்டியை ஓட்டு மகளே. சரக்கு யாருடையது என்று இனி யார் கேட்பது. அச்சு தேய்ந்தது, மாடு கிழடு, ஆனாலும் ஓட்டு மகளே. பாடியவர் அந்த ஊர்ச் சாது யாரோ ஒருவர், பெயர் ஃபக்கீரப்பாவுக்கும் தெரியவில்லை. "இது கண்டக்டருங்க பாட்டு தாயி. 'ரைட் ரைட்'னு சொல்றதைத்தான் அந்தச் சாமி அத்தனை நீட்டிச் சொல்லியிருக்காரு" என்றார். இது பைரவிதானே என்று கேட்டேன். அதெல்லாம் அவருக்குத் தெரியாதாம், எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற வண்டியாம் அது. பன்னிரண்டு ஸ்வரமும் வரும் என்பதை அப்படிச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை. அவர் சொல்வதில் பாதி சும்மா சொல்வது.

அக்கா ஏக்தாரியை எடுத்துப் பாடிக் காட்டினாள். அதன் சுரைக்குடுக்கையைக் கழுத்தெலும்பின் மேல் அழுத்திக் கன்னத்தையும் சாய்த்துக்கொள்கிறாள். கண்ணை எடுக்காமல் ஃபக்கீரப்பாவின் வாயையே பார்க்கிறாள். மேடையில் இப்படியெல்லாம் செய்யாதே, வேஷம் மாதிரி இருக்கும் என்று அவர் போனபின் சொன்னேன்.

"வேஷம்தாம்ட்டி" என்றாள்.


ஜனவரி 19, திங்கள்

தபலா குருநாத்தும் அவன் மனைவி மாலினியும் வந்திருந்தார்கள். மாலினியும் அவள் தங்கையும்தான் மேடையில் எங்களுக்குத் தம்பூரா போடுகிறவர்கள். இன்று தேசியில் உட்கார்ந்தோம்.

எங்கள் ஸட்ஜம் கறுப்பு நான்காம் கட்டை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், சளி பிடித்தபோதும், அக்கா அதை விட்டு அசைந்ததில்லை. இன்று முதல் சுற்றிலேயே அவள் குரல் மேலே ஏறிவிட்டது. ஒரு கட்டைகூட இல்லை, அதில் பாதிக்கும் குறைவு. தம்பூரா அவள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் தனியாக வேறு தெருவில் நடக்கிறாள். நிறுத்தி, ஸட்ஜத்தைப் பாடிக் காட்டினேன். என் வாயைப் பார்த்து அப்படியே சேர்ந்துகொண்டாள். மறுபடி ஆரம்பித்ததும் மறுபடி ஏறினாள்.

சுருதி இல்லாத இடத்தில் போய்ப் பாடிப் பாடிக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். குருநாத் முன்னாலேயே. அவள் தம்பூராவின் குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

போகும்போது குருநாத் செருப்பு மாட்டிக்கொண்டே, அக்காவுக்குக் காது எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஐம்பத்தெட்டு வயதில் எல்லோருக்கும் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். தாளம் ஒரு மாத்திரைகூடத் தப்பவில்லை, சுருதி மட்டும் போகிறதே என்று இழுத்தான். தபலாக்காரனுக்குத் தாளம்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.


ஜனவரி 22, வியாழன்

தண்ணீர் நாள். நானே தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.


ஜனவரி 26, திங்கள்

இன்றைய சண்டை உட்காருகிற இடம் பற்றி. முதல் மேடையிலிருந்து அக்கா என் வலப்பக்கம், நான் அவள் இடப்பக்கம். ரசிகர்களுக்கு எங்கள் பெயர் மாறிப்போனாலும் இடத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இப்போது மாறி உட்காரலாம் என்கிறாள். ஃபேன் காற்று இடது காதில் அடிக்கிறதாம். பிப்ரவரியில் ஃபேன் எதற்கு என்றேன். சரி, காற்று இல்லை, வேறே என்றாள். வேறே என்ன என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் நாட்கீர் வந்தார். வாசலில் நின்று தேசி ஒத்திகையைக் கேட்டிருக்கிறார். காப்பி குடித்துவிட்டு, அக்கா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டாம். மூத்தவருக்கு உடம்பு முடியாவிட்டால் இளையவர் தனியாகப் பாடினாலும் கமிட்டி சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும் என்றார். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம்.

அக்காவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். உடனே சொல்லவில்லை. டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சொன்னேன்.


ஜனவரி 29, வியாழன்

பொறுக்க முடியாமல், தண்ணீர் நாள் என்றும் பாராமல், இன்று மடத்துக்கே போனேன். ஃபக்கீரப்பாவிடம், விழா முடிகிறவரை அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்பதாக இருந்தேன். இரண்டு பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் கரும்பு லாரியில்.

மடத்து முற்றத்தில் ஏழெட்டுப் பேர். அக்காவும் இருந்தாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை, செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றேன். பாடிக்கொண்டிருந்தது அந்தச் சுங்கச்சாவடிப் பதம். குடுக்கை கழுத்தெலும்பில் அழுந்தியிருந்தது. கண் மூடியிருந்தது.

ஒரு இடத்திலும் சுருதி விலகவில்லை.

நானும் எத்தனையோ முறை காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். தந்தி எங்கே நின்றதோ அங்கேயே குரலும் நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்தால் வராத சுருதி, மாட்டுத்தொழுவத்துக்கு எதிரே ஒற்றைத் தந்தியில் எங்கிருந்து வந்தது? குரலில் எந்த வித்தையும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் குருஜி சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் அங்கே பயன்படுத்தவில்லை. பாட்டு முடிவதற்குள் கிளம்பிவிட்டேன். ஃபக்கீரப்பா பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து, வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். ரொட்டியையும் கத்தரிக்காயையும் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

பஸ்ஸில் அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். பசி.


பிப்ரவரி 3, செவ்வாய்

அக்கா சொல்லிவிட்டாள்.

நான் தம்பூராவுக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள். பஞ்சமத் தந்தியை முறுக்கி மீட்டி, "சரியா இருக்கா?" என்று பழக்கத்தில் கேட்டேன்.

"எனக்குக் கேக்க மாட்டக்கு ஆவுடை" என்றாள்.

இடது காது போன வருடமே போய்விட்டதாம். வலது காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் ஹூப்ளியில் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். மிஷினும் வைத்துப் பார்த்தாளாம். பேச்சு கேட்கிறது, ஆனால் தம்பூரா தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கேட்கிறது, அதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று கழற்றி வைத்துவிட்டாள். ஏக்தாரியை எலும்பில் வைத்தால் சுருதி உடம்புக்குள் வருகிறது. ஒரு தந்தி என்பதால் குழப்பம் இல்லை. தம்பூராவில் நாலு தந்தி சேர்ந்து வரும்போது எது எது என்று கைக்குத் தெரியவில்லை.

"தேசிய நீ பாடு. நான் பதத்துக்கு மட்டும் வந்து உக்காருதேன்" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. நான் சொன்னது, அழைப்பிதழில் இரண்டு பெயரும் போட்டாகிவிட்டது என்பது. அவள் தேசியிலும் உட்காரத்தான் வேண்டும். நான் நீட்டுகிறேன், அவள் பல்லவி வரியில் மட்டும் என் வாயைப் பார்த்துச் சேர்ந்துகொண்டால் போதும், யாருக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியுமேட்டி" என்றாள்.

ஒத்துக்கொண்டாள். நான் சொன்னால் அவள் ஒத்துக்கொள்வது இந்த வயதில்தான் ஆரம்பித்திருக்கிறது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.


பிப்ரவரி 4, புதன்

சாதகம் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.


பிப்ரவரி 5, வியாழன்

சாயங்காலம் நாட்கீர் வீட்டுக்குப் போனேன். விழா மலர் வந்துவிட்டதா என்று பார்க்க. வந்துவிட்டிருந்தது. இரண்டு பெயரும் நன்றாகவே அச்சாகியிருந்தன. மேடையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அவர் மனைவி கேட்டாள். இதற்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.


பிப்ரவரி 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

கூடம் நிறைந்திருந்தது. ஜமுக்காளத்தில் முன்வரிசை முழுக்கக் குருஜி காலத்து ரசிகர்கள், எந்த ஸ்வரம் எங்கே என்று விரலால் சுட்டிக்காட்டுகிறவர்கள். அக்கா கேட்டபடியே இடம் மாறி உட்கார்ந்தோம். முன்னாலேயே ஒத்துக்கொண்டிருக்கலாம். பின்னால் மாலினியும் அவள் தங்கையும் இரண்டு தம்பூராக்களோடு. ஏக்தாரி அக்காவின் முதுகுக்குப் பின்னால், பதத்துக்காகத் துணியில் சுற்றி வைத்திருந்தது. ஃபக்கீரப்பா தன் ஆட்களோடு தூண் ஓரம் உட்கார்ந்திருந்தார். வேட்டி புதுசு.

தேசியை நான் தொடங்கினேன். நல்ல குரல் இருந்தது. இதை யாரும் எனக்காகச் சொல்லப்போவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்: இந்த வாழ்க்கையில் நான் பாடியதிலேயே நல்ல குரல் இன்று காலை இருந்தது. மெதுவான லயத்தில் குருநாத் சேர்ந்தான். பல்லவி வரிக்கு அக்கா பக்கம் திரும்பினேன், அவள் என் வாயைப் பார்த்துச் சரியாகச் சேர்ந்தாள். இரண்டாம் முறையும் சரி.

மூன்றாம் முறை நான் கண்ணை மூடிவிட்டேன். பாட்டு நன்றாகப் போகும்போது கண் தானாக மூடும். நான் திரும்பாததால் எப்போது சேர்வது என்று தெரியாமல் அவள் தானே எடுத்திருக்கிறாள். மேலே ஏறிய சுருதியில், முழுக் குரலில். முன்வரிசையில் ஒரு பெரியவர் காதுக்குள் எறும்பு போன மாதிரி தலையை உதறினார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். கண் திறந்தபோது நான் பார்த்தது இதைத்தான். அக்காவும் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது போனவள் முகங்களைப் படிக்கக் கற்றிருக்கிறாள்.

அவள் நிறுத்தினாள். நான் விட்ட இடத்தைப் பிடித்து ஒரு சுற்று போனேன். திரும்பியபோது ஏக்தாரி அவள் கையில் இருந்தது. குடுக்கையைக் கழுத்தெலும்பில் வைத்து ஒருமுறை மீட்டினாள். பிறகு பதத்தைத் தொடங்கினாள்.

தேசி கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரம் பாட வேண்டிய ராகம். கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இது பைரவி என்று. சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மேடை ஓரத்தில் நாட்கீர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

ஏக்தாரி நின்ற சுருதி வேறு, எங்கள் தம்பூராக்களின் சுருதி வேறு; பதத்துக்கு முன் சேர்த்துக்கொள்வதாக இருந்தோம். இரண்டும் ஒன்றாக ஓடியபோது பல்லில் மணல் கடித்தது போல இருந்தது. அவளுக்கு அது தெரியாது. அவள் தன் தந்தியோடு கச்சிதமாக நின்றுகொண்டிருந்தாள். கூடத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அபசுரம் பாடுகிறாள் என்பது.

அவள் தோளைத் தொட்டு நிறுத்தியிருக்கலாம். தொட்டால் நிறுத்தியிருப்பாள், பிறகு நான் தேசியை விட்ட இடத்திலிருந்து பாடி முடித்திருக்கலாம், முதல் வரியோடு நின்ற பைரவியை யாரும் பைரவி என்று கணக்கில் வைக்க மாட்டார்கள். இதை நான் யோசிக்கவில்லை என்று எழுத மாட்டேன். கை பாதி தூரம் போனது.

பிறகு பின்னால் திரும்பி மாலினிக்குக் கையைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. தம்பூரா நிற்பது மேடையில் நடக்கிற காரியம் இல்லை, வித்வான் இருமினாலும் தண்ணீர் குடித்தாலும் அது ஓடவேண்டும். "நிறுத்து" என்றேன். மைக்கில் கேட்டுவிட்டது. இரண்டு தம்பூராக்களும் நின்றன.

கூடத்தில் ஒற்றைத் தந்தியும் அக்கா குரலும் மட்டும். சுருதி கண்ணாடி மாதிரி இருந்தது. முன்வரிசைப் பெரியவர் தலையை உதறுவதை விட்டார். தபலாவும் எங்கள் சுருதிக்குத்தான் சேர்த்தது, குருநாத் அதைத் தள்ளி வைத்துவிட்டு இடக்கைப் பக்கத்து டக்காவை மட்டும் உள்ளங்கையால் தட்டினான். சொல்லாமலே செய்தான். அன்றைக்கு நான் அவனைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அக்கா 'வண்டியை ஓட்டு மகளே' என்று முதல் வரியை விட்டதும் நான் அவள் சுருதியில் அதை வாங்கிப் பாடினேன். கோஷ்டியில் பின்பாட்டுக்காரர்கள் வாங்குவது போல, எதுவும் சேர்க்காமல். தூண் ஓரத்திலிருந்து ஃபக்கீரப்பாவின் ஆட்களும் வாங்கினார்கள். அடுத்த வரி. அதற்கடுத்தது. அவள் கண் திறக்கவில்லை, நாங்கள் பாடுவது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. ஆனால் வரிக்கு வரி எங்களுக்கு இடம் விட்டாள்.

முடிந்தது. பைரவிக்குப் பின் யாரும் உடனே கைதட்டுவதில்லை. இன்று கொஞ்சம் அதிக நேரம் தட்டவில்லை. பிறகு தட்டினார்கள்.

விழா ஒரு மணி நேரம் முன்னதாக முடிந்துவிட்டதால் சாப்பாடு ஆகவில்லை. அரிசி அப்போதுதான் உலையில். அத்தனை பேரும் பசியோடு வளாகத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். நாட்கீர் என்னிடம் தேசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சமையல்காரரிடம் யார் பதில் சொல்வது என்றுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்து கேட்டேன். "வேணும்னேதான் செஞ்சியா?"

"வேணும்னேதான். பைரவி பாடியாச்சுன்னா பொறவு எவனும் இன்னொண்ணு பாடுன்னு கேக்க மாட்டான்லா. இன்னைக்கி மட்டுமில்ல, என்னைக்கும்."

"என் தேசி?"

"அத நான் யோசிக்கலட்டி" என்றாள். "அந்தக் கெழவன் தலைய உதறினானா, அதுக்கப்புறம் நான் என்னயத்தான் யோசிச்சேன்."

பொய் சொல்லியிருக்கலாம். உனக்கு அடுத்த வருடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள எனக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம்.


பிப்ரவரி 9, திங்கள்

பேசவில்லை. அவளிடம் பேசாமல் இருப்பது இப்போது யாருக்கும் கஷ்டமான காரியம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அதனாலேயே நன்றாக இல்லை.


பிப்ரவரி 10, செவ்வாய்

குருநாத்திடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றே அவனுக்கு ஞாபகம் இல்லை.

நாட்கீர் போன் செய்தார். சமையல்காரர் சமாதானமாகிவிட்டாராம். அடுத்த வருடம் நான் தனியாகப் பாடலாமாம், இரண்டாம் நாள், மத்தியானம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். பாடுவேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கோபம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குரல் ஒரு வருடம் காத்திருக்குமா? யார் அதற்குச் சொல்லி வைப்பது?

மத்தியானம் நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அக்கா கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கி சுருதி சேந்துச்சாட்டி?"

"சேந்துச்சு" என்றேன்.

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். தண்டைக் கிள்ளினாள், இலையைத் தட்டில் போட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது தோளில் தெரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய், சுற்றி நடந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் நிமிர்கிறவரை இருந்தேன். பிறகு மறுபடியும் சொன்னேன்.